அம்பாசடர் 1489: 268 டிகிரி கேமுக்கு ஜோடி எஸ்.யு. கார்ப்பரேட்டர் செட்டிங்

வண்டி அம்பாசடர் மார்க் 2. எஞ்சின் பி.எம்.சி. பி-சீரிஸ், 1489 சி.சி., போர் 73.025 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. கம்பெனியிலிருந்து வரும்போது ஒற்றை எஸ்.யு. எச்.எஸ்.2 கார்ப்பரேட்டரும் 7.2 கம்ப்ரஷனும் இருந்தன. இப்போது கேம் ஷாஃப்டை (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) 268 டிகிரிக்கு கிரைண்ட் செய்து, எம்.ஜி.பி. (பி-சீரிஸ் எஞ்சின் உள்ள பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) மேனிஃபோல்டில் இரண்டு எச்.எஸ்.4 (ஒன்றரை அங்குலம்) ஏற்றியிருக்கிறது. பட்டறைக்கு வந்தபோது இருந்த குறைகள்: ஐடிலிங்கில் வண்டியே குலுங்கியது. 1500 முதல் 2500 ஆர்.பி.எம். வரை இழுவை இல்லை. ஏர் ஃபில்டர் வாயில் பெட்ரோல் பனிபோலத் துப்பியது. நான்கு பிளக்கிலும் கரி.

கோவையில் பெரும்பாலான பட்டறைகளில் இதற்கு முதலில் சொல்வது, "ஐடிலிங் நிக்கலைன்னா ஜெட்டை ரெண்டு முகம் இறக்கி உடுங்க, சரியாப் போயிருமுங்க." ஒரிஜினல் கேமில் இது பலிக்கும். பெரிய கேமில் பலிக்காது. எஸ்.யு.வில் ஐடிலிங்குக்கென்று தனிச் சுற்று கிடையாது. ஒரே ஜெட், அதற்குள் ஏறி இறங்கும் ஒரே ஊசி. காற்றின் இழுப்புக்கேற்ப மேலேறும் கார்ப்பரேட்டர் பிஸ்டனில் அந்த ஊசி மாட்டியிருக்கும். ஐடிலிங்குக்காக ஜெட்டை இறக்கினால் முழு ஆக்ஸிலேட்டர் வரை எல்லா இடத்திலும் ரிச் (பெட்ரோல் மிகுதி) ஆகும். ஜெட் நட்டை ஆறு முகம், அதாவது ஒரு முழுச் சுற்று திருப்பினால் ஜெட் ஏறக்குறைய 0.038 அங்குலம் இறங்கும். எஸ்.யு. ஊசியின் அளவுகளை ஒரு நூலுக்கு (1/8 அங்குலம்) ஒரு ஸ்டேஷன் என்று குறிப்பார்கள். ஆக ஒரு சுற்றுக்கு ஊசி முழுவதும் மூன்றில் ஒரு ஸ்டேஷன் நகர்ந்துவிடுகிறது. குலுக்கல் கேமால் வருவது. அதைப் பெட்ரோலை ஊற்றி அடக்கப் பார்த்தால் கரிதான் மிஞ்சும்.

கேம் என்ன மாற்றுகிறது என்பதைக் கணக்கில் பார்த்தால் மற்ற வேலைகளின் வரிசை தானாக வரும். ஒரிஜினல் கேமின் டைமிங் 5/45/40/10. அதாவது இன்லெட் பிஸ்டன் உச்சிக்கு 5 டிகிரி முன் திறந்து அடிமட்டம் தாண்டி 45-ல் மூடும், எக்ஸாஸ்ட் அடிமட்டத்துக்கு 40 முன் திறந்து உச்சி தாண்டி 10-ல் மூடும். இன்லெட் 230 டிகிரி திறந்திருக்கும், ஓவர்லாப் (இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம்) 15 டிகிரி. புதிய கேம் 24/64/59/29. இன்லெட் 268 டிகிரி, ஓவர்லாப் 53 டிகிரி. த்ராட்டில் மூடியிருக்கையில் இன்லெட்டில் வேக்குவம் இருப்பதால், இந்த 53 டிகிரியில் எக்ஸாஸ்ட் புகை பின்வாங்கி இன்லெட்டுக்குள் வரும். அடுத்த ஸ்ட்ரோக்கில் அதே புகையும் சேர்ந்து உள்ளே போகும். அந்தக் கலவை சீராக எரியாது, அதுதான் குலுக்கல்.

பி-சீரிஸ் ஹெட்டில் இன்னொரு விஷயம் உண்டு. நான்கு சிலிண்டருக்கு இன்லெட் போர்ட் இரண்டுதான். 1, 2 சேர்ந்து ஒன்று; 3, 4 சேர்ந்து ஒன்று. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால் 2 இழுத்த கையோடு 1 இழுக்கும், 3 இழுத்த கையோடு 4 இழுக்கும். முதலாவது மூடுவதற்குள் இரண்டாவது திறந்துவிடும். பழைய கேமில் இப்படி இரண்டும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் 50 டிகிரி, புதியதில் 88 டிகிரி. அந்த நேரத்தில் முந்தி இழுத்த சிலிண்டருக்குச் சேரவேண்டியதில் கொஞ்சத்தை அடுத்தது இழுத்துக்கொள்ளும். இந்த ஹெட்டில் நான்கு பிளக்கும் ஒரே நிறத்தில் வரவேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 1-ஐ 4-உடனும் 2-ஐ 3-உடனும் ஒப்பிடுங்கள். அந்த ஜோடிகள் ஒத்திருந்தால் இரண்டு கார்ப்பரேட்டரும் சமமாக வேலை செய்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம்.

கம்ப்ரஷனைப் பார்க்காமல் கார்ப்பரேட்டரில் கை வைத்தால் நேரம் வீண். இன்லெட் வால்வ் மூடிய பிறகுதான் அமுக்கம் தொடங்குகிறது. பழைய கேமில் வால்வ் மூடும்போது பிஸ்டன் மேலேற இன்னும் 78.9 மி.மீ. இருக்கும். புதிய கேமில் 68.8 மி.மீ.தான். 7.2 கம்ப்ரஷனில் சிலிண்டருக்கு மேலே மிஞ்சும் இடம் (சேம்பர், கேஸ்கெட், பிஸ்டன் குழி எல்லாம் சேர்த்து) 60 சி.சி. அதை அப்படியே விட்டால் உண்மையில் கிடைக்கும் அமுக்கம் 6.5-லிருந்து 5.8-க்கு விழும். கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை செத்துப்போவதற்குப் பாதிக் காரணம் இதுதான். ஹெட்டை இழைத்து அந்த இடத்தை 49.6 சி.சி.க்குக் கொண்டுவந்தால் கணக்குக் கம்ப்ரஷன் 8.5, உண்மை அமுக்கம் 6.8. எவ்வளவு இழைப்பது என்பதைக் கண்ணால் முடிவு செய்ய வேண்டாம். சேம்பரின் மேல் கண்ணாடித் தகடு வைத்து, ப்யூரெட்டில் மண்ணெண்ணெய் விட்டு நான்கையும் தனித்தனியாக அளந்துகொண்டு ஹெட்டை பட்டறைக்குக் கொடுங்கள். கணபதி, சிங்காநல்லூர் பக்கம் இதைச் சுத்தமாகச் செய்கிற கைகள் நிறைய உண்டு. அளவை எழுதிக் கொடுத்தால் அந்த அளவுக்கே வரும்.

கேம் கிரைண்ட் செய்தால் அடிவட்டம் சிறுத்து ஃபாலோயர் (கேம் மேல் உட்கார்ந்து புஷ்ராடைத் தள்ளும் துண்டு) கீழே இறங்கும், புஷ்ராட் குட்டையானதுபோல ஆகும். ஹெட்டை இழைத்தால் புஷ்ராட் நீண்டதுபோல ஆகும். இரண்டும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும் என்றாலும், பாதி லிஃப்டில் ராக்கர் முனை வால்வ் தண்டின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்தே மூட வேண்டும். ஃபாலோயர்கள் புதிதாகத்தான் போட வேண்டும். பழசைப் போட்டால் கேம் முனை கொஞ்ச நாளில் தேய்ந்துவிடும்.

கேம் டைமிங்கை செயின் குறியை மட்டும் நம்பி விடக் கூடாது. டயல் கேஜும் டிகிரி தகடும் வைத்து முதல் சிலிண்டர் இன்லெட் முழு லிஃப்ட் எங்கே வருகிறது என்று பாருங்கள். 24/64 கேமுக்கு அது டி.டி.சி. (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) தாண்டி 110 டிகிரியில் வரவேண்டும். இந்த வண்டியில் 116-ல் இருந்தது. ஆறு டிகிரி ரிடார்ட் என்றால் இன்லெட் இன்னும் தாமதமாக மூடும், கீழ் இழுவை இன்னும் போகும். ஆஃப்செட் சாவி போட்டு 110-க்குக் கொண்டுவந்தோம். டேப்பட் இடைவெளி ஒரிஜினலில் 0.015 அங்குலம். கிரைண்ட் செய்த கேமுக்கு கிரைண்டர் சொல்லும் அளவுதான் வேதம்.

அடுத்து இக்னிஷன். பாயிண்ட் 0.015 அங்குலம், பிளக் 0.025 அங்குலம். ஐடிலிங்கில் கலவை மெதுவாக எரிவதால் தீப்பொறி முன்கூட்டியே வேண்டும். 1000 ஆர்.பி.எம்.மில் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு 12 டிகிரி வைத்தோம். மொத்த அட்வான்ஸ் 32 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஆகவே டிஸ்ட்ரிபியூட்டர் எடைக்கல் தரும் அட்வான்ஸ் 20 டிகிரிக்குள் இருக்க வேண்டும். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் தகட்டுக்கு அடியில் பொறித்திருக்கும் எண் டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. கிராங்குக்கு அதை இரண்டால் பெருக்க வேண்டும். 10 என்று இருந்தால் 20. அதிகம் இருந்தால் எடைக்கல் முட்டி நிற்கும் இடத்தில் பித்தளை வைத்துக் குறைக்க வேண்டியதுதான். இந்த ஒரு வேலையிலேயே ஐடிலிங் கணிசமாக நிதானப்பட்டது. ஜெட்டை இன்னும் தொடவே இல்லை.

இனி கார்ப்பரேட்டர். முதலில் ஏர் பிடிக்கிறதா என்று பாருங்கள். பழைய எச்.எஸ்.4-ல் த்ராட்டில் தண்டு ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும். ஐடிலிங்கில் தண்டின் இரு முனையிலும் கார்ப் கிளீனர் அடித்தால் சத்தம் மாறும். மாறினால் பாடியைத் துளையிட்டு பித்தளை புஷ் அடிக்க வேண்டும், தண்டும் புதிது. இதைத் தள்ளிப்போட்டால் பின்னால் செய்யும் எந்த செட்டிங்கும் நிற்காது. சில எச்.எஸ்.4-களில் த்ராட்டில் தகட்டிலேயே சின்ன வால்வ் ஒன்று இருக்கும். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் மூடிய த்ராட்டிலிலும் காற்று ஓடும். வெற்றுத் தகடு மாற்றுங்கள், அல்லது அந்த வால்வை ஈயம் வைத்து அடைத்துவிடுங்கள். பாடியில் பிரீதர் குழாய் முனை இருந்து அதில் ஹோஸ் இல்லையென்றால் அதுவும் ஓட்டைதான். ரப்பர் மூடி போடுங்கள்.

கார்ப்பரேட்டர் பிஸ்டனும் மேல் கூடும் ஜோடியாகத் தேர்ந்து வந்தவை. முன் கார்ப்பரேட்டரின் கூட்டைப் பின்னதில் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். தின்னரில் துணி நனைத்துத் துடைத்தால் போதும், எமரி கூடவே கூடாது. பிஸ்டன் விளிம்புக்கு எண்ணெயும் வேண்டாம், தண்டுக்கு மட்டும் ஒரு சொட்டு. பிஸ்டனில் உள்ள ஓட்டைகளை அடைத்து, டாம்பரோடு (பிஸ்டன் வேகமாக ஏறாமல் தடுக்கும் எண்ணெய்த் தண்டு) தலைகீழாக்கிப் பிஸ்டனைப் பிடித்தால் ஒன்றரை அங்குல கார்ப்பரேட்டரில் கூடு இறங்க 5 முதல் 7 விநாடி ஆக வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு விநாடிக்கு மேல் வித்தியாசம் என்றால் ஒன்று தேய்ந்திருக்கிறது. ஸ்பிரிங் இரண்டும் சிவப்பு (நாலரை அவுன்ஸ்). முனைச் சுருளில் பூசிய நிறத்தைப் பாருங்கள். இந்த வண்டியில் ஒன்று சிவப்பும் ஒன்று நீலமும் (இரண்டரை அவுன்ஸ்) இருந்தன. நீலம் உள்ள பக்கம் பிஸ்டன் முந்திக்கொண்டு ஏறி அந்த இரு சிலிண்டரும் பிக்கப்பில் லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும். அதை ஜெட் திருகித் தீர்க்க முடியாது.

ஃப்ளோட் மூடியைத் தலைகீழாக வைத்து, ஃப்ளோட்டுக்கும் மூடிக்கும் இடையே ஒரு நூல் முதல் ஒன்றரை நூல் வரை (3.2 – 4.8 மி.மீ.) இடைவெளி. இரண்டிலும் ஒரே அளவு. பம்ப் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் போனால் ஊசி வால்வ் தாங்காமல் ஃப்ளோட் அறை வழியும். எலெக்ட்ரிக் பம்ப் மாற்றியவர்கள் ரெகுலேட்டர் இல்லாமல் ஓட்டக் கூடாது. இப்போது பங்கில் கிடைக்கும் ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு பழைய ரப்பர் தாங்காது. எரிபொருள் ஹோஸ், ஜெட் குழாய், ஃப்ளோட் வால்வ் முனை மூன்றும் எத்தனால் தாங்கும் விட்டான் ரப்பர் ரகத்தில் மாற்றிவிட்டே தொடங்கினோம்.

ஊசியின் தோள் பிஸ்டன் அடிமட்டத்தோடு சமமாக உட்கார வேண்டும். ஜெட்டை நடுப்படுத்தி, பிஸ்டனைத் தூக்கிவிட்டால் 'டக்' என்ற சத்தத்தோடு விழ வேண்டும். பிறகு ஜெட்டைப் பாலத்தின் (ஜெட் வாய் திறக்கும் காற்றுவழித் தளம்) மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து 12 முகம் இறக்குங்கள். டாம்பரில் எஸ்.ஏ.இ. 20 எண்ணெய்.

சமப்படுத்தும் வேலைக்கு இணைப்புத் தண்டின் கிளாம்ப்களை இரு பக்கமும் தளர்த்திவிடுங்கள். தளர்த்தாமல் செய்தால் ஒன்று மற்றொன்றை இழுக்கும். ஏர் ஃபில்டரைக் கழற்றி, ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை இன்லெட் வாயில் ஒரே ஆழத்திலும் வைத்துக் கேளுங்கள். இரண்டிலும் 'ஸ்ஸ்' சத்தம் ஒன்றாகும்வரை ஐடிலிங் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். காற்று அளக்கும் கேஜ் இருந்தால் இன்னும் நல்லது. ஐடிலிங் வேகம் 950 முதல் 1000. இந்தக் கேமை 700-ல் நிற்க வைக்கும் முயற்சியே வேண்டாம். கிளாம்ப்களை இறுக்கிய பிறகு 1500-ல் வைத்து மறுபடி கேளுங்கள். ஐடிலிங்கில் சமமாக இருந்து 1500-ல் மாறினால் கோளாறு இணைப்புத் தண்டில்.

கலவைக்கு வழக்கமான சோதனை பிஸ்டனைக் கால் நூல் (0.8 மி.மீ.) தூக்கிப் பார்ப்பது. வேகம் ஏறி நின்றால் ரிச். விழுந்தால் லீன். லேசாக ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தால் சரி. குலுங்கும் எஞ்சினில் இது தெளிவாகத் தெரியாது. 1100-க்கு ஏற்றி வைத்துக்கொண்டு செய்தால் தெரியும். எக்ஸாஸ்டில் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார் போட்டிருந்தாலும் ஐடிலிங்கில் அதை நம்பக் கூடாது. அது ஆக்ஸிஜனைத்தான் அளக்கிறது. மிஸ் அடிக்கும் சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலோடு எரியாத ஆக்ஸிஜனும் வரும், சென்சார் அதை லீன் என்று காட்டும். மீட்டரைப் பார்த்து ஜெட்டை இறக்குவார்கள், மிஸ் கூடும், மீட்டர் இன்னும் லீன் காட்டும். இந்த வண்டி கரி பிடித்து வந்ததற்கு இந்தச் சுழல்தான் காரணம். ஜெட் 20 முகம் இறங்கியிருந்தது. ஐடிலிங்குக்கு நம்பத்தக்கது வேக்குவம் கேஜ்தான். முள் அதிகபட்சம் ஏறி, ஆட்டம் குறைவாக நிற்கும் இடத்தில் ஜெட்டை நிறுத்துங்கள். ஒரிஜினல் கேமில் 18–20 அங்குலம் (பாதரசம்) பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே 12–13 வந்தால் பதற்றம் வேண்டாம். புத்தக அளவுகள் கடல் மட்டத்துக்கானவை. கோவை 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அதிலேயே ஒன்றரை அங்குலம் வரை குறையும். இங்கே ஜெட் இரண்டு பக்கமும் 13 முகத்தில் நின்றது.

ரோட்டில் ஓட்டும்போது வைட்பேண்ட் பயன்படும். ஈ20-க்கு ஏ.எஃப்.ஆர். (காற்று-பெட்ரோல் விகிதம்) எண்ணைப் பார்க்க வேண்டாம், லாம்டாவைப் (1 என்றால் சரியான கலவை, குறைந்தால் ரிச்) பாருங்கள். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 என்பது ஈ20-க்கு சுமார் 13.5. அதாவது பழைய செட்டிங்கிலேயே ஈ20 ஊற்றினால் வண்டி எட்டு சதவீதம்போல லீன் ஆகும். நம் இலக்கு: சீரான ஓட்டத்தில் லாம்டா 0.98 முதல் 1.0, முழு ஆக்ஸிலேட்டரில் 0.86 முதல் 0.88.

எம்.ஜி.பி. எச்.எஸ்.4-க்கு எம்.பி. என்ற ஊசி வழக்கம், 6-ஆம் எண் ஊசி ரிச், 21-ஆம் எண் ஊசி லீன். முதலில் 6 போட்டு நீலாம்பூர் பைபாஸில் ஓட்டினோம். மூன்றாம் கியர் முழு ஆக்ஸிலேட்டரில் 3500-க்கு மேல் 0.87 வந்தது, நல்ல இழுவை. ஆனால் 2000–2600-ல் 0.78. அந்த இடத்தில்தான் ஃபில்டர் வாயில் பனி துப்புகிறது. காரணம் கேம். இன்லெட் தாமதமாக மூடுவதால் உள்ளே போன கலவையில் கொஞ்சம் திரும்பி ஜெட்டைத் தாண்டி வெளியே வரும், மறுபடி உள்ளே போகும். ஒரே காற்று ஜெட்டை மூன்று முறை கடந்தால் மூன்று முறை பெட்ரோலை வாங்கிக்கொள்ளும். ஆகவே இந்தக் கேமுக்கு நடுவில் தடித்தும் மேலே மெலிந்தும் இருக்கிற ஊசி வேண்டும். 6-ஐ வைத்துக்கொண்டு ஜெட்டை ஏற்றினால் நடுப்பகுதி சரியாகும், மேல் வேகத்தில் லீன் ஆகி எஞ்சின் பிஸ்டன் உருகும் ஆபத்து வரும்.

வழி: நடுப்பகுதியில் லீனான ஊசியை எடுத்து, முனைப் பக்கம் மட்டும் மெலிதாக்குவது. எம்.பி. ஊசியை எடுத்தோம். டிரில் சக்கில் மெதுவாகச் சுற்றவிட்டு, 600 எமரித் தாளில் எண்ணெய் தொட்டு, ஸ்டேஷன் ஸ்டேஷனாக மைக்ரோமீட்டரில் அளந்துகொண்டே போக வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: ஜெட் 0.090 அங்குலம். ஊசி 0.080 உள்ள இடத்தில் 0.001 குறைத்தால் பெட்ரோல் போகும் வளையத்தின் பரப்பு 9 சதவீதம் கூடும். ஊசி 0.070 உள்ள இடத்தில் அதே 0.001-க்கு 4 சதவீதம்தான். தடித்த பகுதியில் கை பட்டால் ஊசி வீண். முனையில் கொஞ்சம் தாராளமாக எடுக்கலாம். இரண்டு ஊசியும் ஒரே அளவில் முடிய வேண்டும், ஆகவே இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஊசியை மாற்றியபின் 2000–2600-ல் 0.85, மேலே 0.87.

ஃபில்டர் வாய்க்குள் ஒன்றரை அங்குல நீளத்தில் வாய் விரிந்த குழாய் வைத்தோம். துப்பும் பனி அதற்குள்ளேயே நின்று திரும்பிப் போகிறது, ஃபில்டர் நனைவதில்லை. ஃபில்டர் தட்டையாக ஜெட்டை ஒட்டி இருந்தால் எந்த ஊசியும் இந்த வேகத்தில் சொன்னபடி கேட்காது.

திடீரென்று மிதித்தால் ஒரு நொடி தயக்கம் மிச்சம் இருந்தது. டாம்பர் எண்ணெயை 20-லிருந்து 20டபிள்யூ-50-க்கு மாற்றியதும் போய்விட்டது. பெரிய கேமில் காற்று விட்டுவிட்டு இழுப்பதால் கீழ் வேகத்தில் பிஸ்டன் துடிக்கும். கெட்டியான எண்ணெய் அதை அடக்கும். அதற்கு மேல் கெட்டியாகப் போட்டால் பிக்கப்பில் கரும்புகை வரும்.

சித்திரை வெயிலில் அவிநாசி ரோடு சிக்னல்களில் நின்று நின்று போய், நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்வது தனிச் சோதனை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கார்ப்பரேட்டருக்கு நேர் கீழே இருப்பதால் ஃப்ளோட் அறை கொதிக்கும், ஈ20 இன்னும் சீக்கிரம் ஆவியாகும். அலுமினியத் தடுப்புத் தகடும், இன்லெட்டுக்கும் கார்ப்பரேட்டருக்கும் இடையே 10 மி.மீ. பேக்கலைட் கட்டையும் போட்டபின் ஹாட் ஸ்டார்ட் சரியானது. கட்டை போட்டால் இணைப்புத் தண்டு, கேபிள் நீளம் இரண்டையும் மறுபடி செட் செய்ய வேண்டும்.

ஊட்டி ஏறுகிறவர்களுக்கு: மேட்டுப்பாளையம், கல்லாறு தாண்டி பர்லியாறு வரை எதுவும் தெரியாது. குன்னூருக்கு மேல் காற்று மெலிவதால் ரிச் ஆகத் தொடங்கும். 2240 மீட்டரில் எட்டு முதல் பத்து சதவீதம் வரை ரிச். ஐடிலிங் குலுக்கல் திரும்ப வரும், பிளக் கறுக்கும். ஒரு நாள் போய்வருவதென்றால் அப்படியே விடலாம். தங்குவதென்றால் இரண்டு பக்கமும் இரண்டு முகம் ஏற்றி, நட்டில் பெயிண்ட் குறி வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது குன்னூரிலேயே பழைய குறிக்குத் திருப்பிவிட வேண்டும். சமவெளி வெயிலில் அந்த லீன் செட்டிங்கோடு பைபாஸில் மிதித்தால் எக்ஸாஸ்ட் வால்வ்தான் முதலில் போகும்.

முதல் 500 கி.மீ. ஓடியதும் டேப்பட், கார்ப்பரேட்டர் நட்டுகள், டாம்பர் எண்ணெய் மூன்றையும் பாருங்கள். புதிய புஷ் இறுகி த்ராட்டில் முழுதாக மூடாமல் நிற்கலாம். ஐடிலிங் தானாக ஏறியிருந்தால் ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் தண்டைக் கையால் மூடிப் பாருங்கள்.